தாமஸ் கிளார்க்சனை உள்ளூர் மேடையில் ஏற்றுவது எப்படி?

இங்கிலாந்தின் கிழக்கே, கேம்பிரிட்ஜ்ஷர் பகுதியில், நென் ஆற்றங்கரையில் விஸ்பீச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு நடுவே 68 அடி உயர நினைவுச் சின்னம். அதில் நிற்கும் சிலை தாமஸ் கிளார்க்சனுடையது. 1760-இல் அந்த ஊரில் பிறந்தவர். தந்தை அங்கே பள்ளித் தலைமையாசிரியர். பிரிட்டனில் அடிமை வணிகம் ஒழிந்த கதை என்றால் நாடாளுமன்றத்தில் பேசிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் பெயர்தான் பலருக்கும் தெரியும். அந்தப் பேச்சுகளுக்கு வேண்டிய ஆதாரங்களைத் துறைமுகம் துறைமுகமாகக் குதிரையில் போய்ச் சேர்த்தவர் கிளார்க்சன். 1787-இலிருந்து ஏழு ஆண்டுகளில் அவர் கடந்த தூரம் 35,000 மைல்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி உள்ளூர் நாடகக் குழுவோடு சேர்ந்து ஒரு நாடகம் போட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேடை அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான சிற்றூர்களில் ஓர் அமெச்சூர் குழுவும் ஒரு கிராம மண்டபமும் இருக்கும். அங்கே குடியேறிய தமிழர்கள் இந்தக் குழுக்களில் தயங்காமல் சேரலாம். பிரதி எழுதவும், செட் போடவும், விளக்குப் பிடிக்கவும் எப்போதும் ஆள் தேவைப்படும்.

ஆரம்பத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிமை ஒழிப்புப் போராளியைப் பற்றிய நாடகம் என்றதும் ஒரு மகானின் வரலாறாக எழுதத் தோன்றும். நல்லவர் வருவார், கண்ணீர் விடுவார், உரை ஆற்றுவார், சட்டம் நிறைவேறும். அந்த வழியில் போனால் நாடகமும் செத்துவிடும், வரலாறும் பொய்யாகிவிடும். கிளார்க்சன் செய்தது துப்பறியும் வேலை. சாட்சிகளைத் தேடினார், பொருட்களை வாங்கினார், பெயர்ப் பட்டியல்களைப் படி எடுத்தார். அந்தத் தேடலைப் பிடித்துக்கொண்டால் நாடகம் தானாக நடக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இதை மனத்தில் வைத்தே எழுதியவை.

முதல் படி: ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

அவர் வாழ்ந்தது 86 ஆண்டுகள். போராட்டம் 1785-இல் தொடங்கி, 1846-இல் அவர் சாகும்வரை நீடித்தது. இதை முழுவதும் ஒன்றரை மணி நேரத்தில் அடைக்க முயன்றால் ஆண்டுகளின் பட்டியல்தான் மிஞ்சும். புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

முதலில் முழு ஓட்டத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1785-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு லத்தீன் கட்டுரைப் போட்டி வைத்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பது கேள்வி. 25 வயது மாணவரான கிளார்க்சன் பரிசுக்காக எழுதினார், வென்றார். லண்டனுக்குக் குதிரையில் போகும்போது எழுதியதெல்லாம் மனத்தைப் போட்டு அலைக்கழித்தது. ஹார்ட்ஃபோர்ட்ஷரில் வேட்ஸ்மில் என்ற ஊருக்கு அருகே இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். இது உண்மையென்றால் யாராவது இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அங்கே அவருக்குத் தோன்றியது. அந்த இடத்தில் இன்று ஒரு கல்தூண் நிற்கிறது.

1787 மே 22-ஆம் தேதி லண்டனில் 12 பேர் கூடி அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு குழு அமைத்தார்கள். அதில் 9 பேர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1791-இல் மசோதா 163-க்கு 88 என்று தோற்றது. 1794-இல் உடல் முற்றிலும் தளர்ந்து கிளார்க்சன் ஒதுங்கினார். 1807-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது. 1840-இல், 80 வயதில், லண்டனில் நடந்த உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டை அவர் தொடங்கி வைத்தார்.

இதில் எதை எடுப்பது? என்னைக் கேட்டால் 1787. மே மாதம் குழு தொடங்கியது, ஜூன் கடைசியில் பிரிஸ்டல், அப்புறம் லிவர்பூல், அக்டோபரில் மான்செஸ்டர். ஆறே மாதம். அதற்குள் ஆபத்து, தோல்வி, நட்பு, திருப்பம் எல்லாம் வந்துவிடுகின்றன. பயணமாக இருப்பதால் காட்சி மாற்றமும் எளிது. 1787-இல் நிற்காமல் சில ஆண்டுகள் தள்ளிப் போக விரும்பினால் 1790 தேடலையும் சேர்க்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். வயதான கிளார்க்சன் நாற்காலியில் அமர்ந்து பழையதை நினைத்துப் பார்ப்பதாகத் தொடங்கும் அமைப்பு வேண்டாம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பார்வையாளருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால், லிவர்பூல் துறையில் அவரைத் தாக்க ஆட்கள் வரும்போது யாருக்கும் பதற்றம் இருக்காது.

இரண்டாம் படி: மூலங்களைப் படியுங்கள்

கிளார்க்சனே 1808-இல் இரண்டு தொகுதிகளாக அந்தப் போராட்ட வரலாற்றை எழுதியிருக்கிறார். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதிலிருந்து வசனம், விவரம் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா ஈக்வியானோ 1789-இல் வெளியிட்ட தன்வரலாறு, கப்பல் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ் 1788-இல் வெளியிட்ட விவரணை, அடிமையாக இருந்த மேரி பிரின்ஸ் 1831-இல் சொல்லி எழுதவைத்த தன் வாழ்க்கைக் கதை ஆகியவையும் அப்படித்தான். நாடாளுமன்றக் குழு முன் சாட்சிகள் சொன்னவையும் அச்சில் இருக்கின்றன. இக்கால வாழ்க்கை வரலாற்று நூல்களைப் படித்துத் தகவல் தெரிந்துகொள்ளலாம், ஆனால் அவற்றின் வாக்கியங்களை எடுக்கக் கூடாது. பிரிட்டனில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு.

படிக்கும்போது ஒரு நோட்டில் மூன்று பகுதி பிரித்துக்கொள்ளுங்கள்: யார் என்ன சொன்னார்கள், என்ன பொருள் கையில் இருந்தது, எந்த இடம். மேடைக்கு இந்த மூன்றும்தான் வேண்டும். உணர்ச்சிகளைக் குறித்து வைக்க வேண்டியதில்லை. நடிகர் அதைக் கண்டுபிடிப்பார்.

சில இடங்களைக் காட்சியாகவே எழுதி வைத்ததுபோல அவர் விட்டுப் போயிருக்கிறார். பிரிஸ்டலில் செவன் ஸ்டார்ஸ் என்ற மதுக்கடையின் உரிமையாளர் தாம்சன், அடிமைக் கப்பல்களுக்கு மாலுமிகளை அனுப்ப மறுத்தவர். அவர்தான் இரவில் கிளார்க்சனை மார்ஷ் தெருக் கடைகளுக்குக் கூட்டிப்போனார். இளைஞர்களைக் குடிக்க வைத்து, கடனில் மாட்டி, நினைவு தெரிவதற்குள் கப்பலில் ஏற்றிவிடும் வேலையை அங்கே அவர் கண்ணால் பார்த்தார். கப்பல் மாலுமிப் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தார். சுமார் 20,000 மாலுமிகளின் கதி என்னவாயிற்று என்ற தகவலைச் சேர்த்தார். அடிமை வணிகம் மாலுமிகளுக்கு நல்ல பயிற்சிக்கூடம் என்று வணிகர்கள் சொல்லி வந்தார்கள். அது மாலுமிகளின் சுடுகாடு என்று எண்களே காட்டின.

அதன்பின் லிவர்பூல். ஒரு கடை ஜன்னலில் கைவிலங்கு, கால் விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, வாயை வலுக்கட்டாயமாகத் திறக்கும் ஒரு கருவி ஆகியவை விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அந்த வாய்க்கருவி எதற்கு என்று அவர் கேட்டார். அடிமைகள் சாப்பிட மறுத்துச் சாக முயல்வார்கள், அப்போது உணவை ஊட்டுவதற்கு என்று கடைக்காரர் பதில் சொன்னார். சாதாரணமாக, பொருளை விற்கிறவர் வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி. கிளார்க்சன் அவற்றைக் காசு கொடுத்து வாங்கினார். இந்தக் காட்சியில் வசனம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கடைக்காரரைக் கொடியவராக நடிக்க விடாதீர்கள். அவர் மரியாதையான, உதவி செய்யும் வியாபாரி. பயங்கரம் அதில்தான் இருக்கிறது.

அதே ஊரில் புயலடித்த ஒரு நாள் துறைமேடையில் எட்டொன்பது பேர் அவரை நோக்கி வந்தார்கள். கடலில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று புரிந்ததும், ஒரே பாய்ச்சலாக அவர்களுக்கு நடுவே புகுந்து தப்பினார். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த முடி, கருப்பு உடை. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாத மனிதர். ஃபால்கன்பிரிட்ஜ் ஆயுதத்தோடு கூடவே போனது சும்மா அல்ல.

மூன்றாம் படி: பெயரில்லாத மாலுமியைத் தேடுங்கள்

முன்பு சொன்ன 1790 தேடல் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரண்டாம் பாதி முழுவதற்கும் இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

ஆப்பிரிக்க ஆறுகளில் மேலே போகும் படகுகள் அடிமைகளோடு திரும்பி வருகின்றன. அவர்கள் முறைப்படி வாங்கப்பட்டவர்கள் என்று வணிகர்கள் சாதித்தார்கள். பொய்யென்று சொல்ல, அந்தப் படகில் போன ஒரு வெள்ளை மாலுமியின் சாட்சி தேவைப்பட்டது. அப்படி ஒருவர் போர்க்கப்பல் ஒன்றில் வேலை செய்கிறார் என்று கிளார்க்சனுக்குக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. பெயர் தெரியாது. எந்தக் கப்பல் என்று தெரியாது. டெட்ஃபோர்டு, உல்விச், சாத்தம், ஷீர்னெஸ், போர்ட்ஸ்மத் என்று துறை துறையாகப் போய்க் கப்பல்களில் ஏறி விசாரித்தார். கடைசியில் பிளிமத். அங்கே 57-ஆவதாக ஏறிய மெலாம்பஸ் என்ற கப்பலில் அந்த ஆளைக் கண்டுபிடித்தார். எல்லாத் துறைகளையும் சேர்த்தால் 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள். அந்த மாலுமியின் பெயர் ஐசக் பார்க்கர். கலபார் ஆற்றில் இரவில் படகில் போய், கிராமங்களுக்குள் புகுந்து, கையில் கிடைத்தவர்களைப் பிடித்து வந்ததை அவர் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்.

மேடையில் இதை எப்படிச் செய்வது? கப்பல் செட் எதுவும் வேண்டாம். ஒரு ஏணி போதும். கிளார்க்சன் ஏறுகிறார், ஒரே கேள்வியைக் கேட்கிறார், இல்லை என்ற பதில், இறங்குகிறார். நடிகர்கள் இடம் மாறி வெவ்வேறு மாலுமிகளாகப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் கேலி செய்வார், ஒருவர் பயப்படுவார், ஒருவர் காசு கேட்பார். திரும்பத் திரும்ப வருவதில் பார்வையாளர் களைப்படைவார்கள். களைப்படையட்டும். அந்தக் களைப்பை அவர்கள் உணர்ந்த பிறகு வரும் ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்லுக்கு எந்த இசையும் தேவைப்படாது.

நான்காம் படி: யாருடைய கதை என்பதைத் தீர்மானியுங்கள்

இங்கே கவனமாக நடக்க வேண்டும். ஆங்கிலேயர்கள் மனம் இரங்கி விடுதலை கொடுத்தார்கள் என்ற தோற்றத்தை உங்கள் நாடகம் தந்துவிடக் கூடாது. 1783-இல், சாங் என்ற கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்டோர் கடலில் வீசப்பட்ட செய்தியை, அடிமை முறையை எதிர்த்துவந்த கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் ஈக்வியானோ. சிறுவயதிலிருந்து அடிமையாக இருந்து 1766-இல் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். கிளார்க்சன் களத்துக்கு வரும் முன்பே அவர் இருந்தார். 1789-இல் ஈக்வியானோ கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது கிளார்க்சன் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1792-இல் கேம்பிரிட்ஜ்ஷரிலேயே சோகம் என்ற ஊரில் சுசன்னா கல்லென் என்பவரை ஈக்வியானோ மணந்தார். ஆகவே விஸ்பீச் பக்கம் நாடகம் போடுகிறவர்களுக்கு இவரும் உள்ளூர்க்காரர்தான். கரீபியத் தீவுகளில் அடிமைகளே எழுந்து போரிட்டதையும் விடாதீர்கள். 1791-இல் ஹெய்ட்டியில் தொடங்கிய எழுச்சி, 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் எழுந்த கலகம் ஆகியவை லண்டனை உலுக்கின.

மான்செஸ்டர் காட்சியில் இதற்கு ஒரு நல்ல வழி கிடைக்கிறது. 1787 அக்டோபரில் அங்கே தேவாலயத்தில் கிளார்க்சன் பேசினார். இடமில்லாத கூட்டம். மேடையைச் சுற்றி 40, 50 கறுப்பின மக்கள் நின்றிருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் யார், எங்கே வேலை செய்தார்கள், எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று அவர் எழுதவில்லை. அந்தக் காட்சியை அவர்கள் பக்கத்திலிருந்து காட்டுங்கள். கிளார்க்சனின் முதுகு பார்வையாளருக்குத் தெரியட்டும். கேட்பவர்களின் முகம் முன்னால் இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் அவர்களில் இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்வதாக எழுதலாம். அந்தப் பேச்சு உங்கள் கற்பனை என்று நிகழ்ச்சித் தாளில் குறிப்பிட்டுவிடுங்கள்.

நடிகர் தேர்வில் ஒரு விதி, விட்டுக்கொடுக்கவே கூடாதது: கறுப்பினப் பாத்திரங்களில் கறுப்பின நடிகர்களே நடிக்க வேண்டும். முகத்தில் கறுப்புப் பூசுவது என்ற பேச்சே வரக் கூடாது. நம் நிறமும் கறுப்புதானே என்று தமிழர் ஒருவர் ஆப்பிரிக்கப் பாத்திரத்தை ஏற்பதும் சரியல்ல, அது அவர்களுடைய வரலாறு. குழுவில் ஆள் இல்லையென்றால் பக்கத்து நகரத்துக் குழுக்கள், தேவாலயங்கள், கல்லூரிகளில் கேளுங்கள். பிரதி எழுதும் கட்டத்திலேயே அவர்களை அழைத்து உட்கார வையுங்கள். எல்லாம் எழுதி முடித்துவிட்டு அடிமை வேஷத்துக்கு மட்டும் ஆள் தேடிப் போவது அவமதிப்பு. கேட்கிறவருக்கு அது உடனே புரிந்துவிடும்.

பெண்களுக்குப் பாத்திரம் இல்லை என்ற குறை பல குழுக்களில் வரும். உள்ளூர்க் குழுக்களில் பெண்கள்தான் அதிகம், வரலாற்று நாடகங்களில் ஆண் வேஷங்கள்தான் அதிகம். இந்தக் கதையில் அந்தச் சிக்கல் இல்லை. 1791-இல் கரீபிய அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்க மாட்டோம் என்ற இயக்கம் வீட்டுச் சமையலறைகளில் நடந்தது. மூன்று லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். படிப்படியாக ஒழிக்கலாம் என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்த 1824-இல், உடனே ஒழிக்க வேண்டும் என்று லெஸ்டரிலிருந்து எலிசபெத் ஹெய்ரிக் துண்டறிக்கை எழுதினார். 1840 மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த லுக்ரீஷியா மாட் முதலான பெண் பிரதிநிதிகளுக்கு அவையில் இடம் மறுத்து, பார்வையாளர் பக்கம் உட்கார வைத்தார்கள். கிளார்க்சனின் மனைவி கேத்தரினும் நன்றாகக் கடிதம் எழுதக்கூடியவர், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதியின் தோழி.

சர்க்கரைக் காட்சி வரும் இடத்தில் நமக்குத் தொடர்புள்ள ஒன்றும் இருக்கிறது. கரீபியச் சர்க்கரைக்குப் பதிலாகக் கிழக்கிந்தியச் சர்க்கரை வாங்குங்கள், அது அடிமைகள் விளைவித்தது இல்லை என்று எழுதிய கிண்ணங்கள் இங்கிலாந்தில் விற்றன. தஞ்சை வயல்களில் பண்ணையடிமைகள் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கியே வைத்தது. இந்தியாவுக்கான அடிமைமுறைச் சட்டம் 1843-இல்தான் வந்தது. விடுதலையானவர்கள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் போனவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். நாடகத்துக்குள் இதைத் திணிக்க வேண்டாம். ஒரு பாத்திரம் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, இது யார் விளைவித்தது என்று கேட்டால் போதும்.

ஐந்தாம் படி: பெட்டியைச் செய்யுங்கள்

கிளார்க்சனின் பெட்டி விஸ்பீச் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவருவதற்குப் பதிலாக அங்கே விளையும், செய்யப்படும் பொருட்களை வாங்கி விற்கலாமே என்று காட்டுவதற்காக அவர் சேர்த்து வைத்தது. துணி, பருத்தி, மரத் துண்டுகள், மிளகு, விதைகள், தோல் வேலை, கத்தி. போகுமிடமெல்லாம் அதைத் திறந்து காட்டுவார். ஒரு நாடகத்துக்கு இதைவிட நல்ல மேடைப் பொருளை யாரும் கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் முழுக் குழுவையும் அழைத்துக்கொண்டு போய் அதைப் பாருங்கள். நடிகர்கள் அதன் அளவையும் தேய்மானத்தையும் பார்த்துவிட்டு வந்தால், பெட்டியைத் தூக்கும் விதமே மாறிவிடும்.

பழைய மரப்பெட்டி ஒன்றைச் சேரிட்டிக் கடையில் வாங்கி, உள்ளே தட்டுகள் பொருத்திக்கொள்ளலாம். மிளகும் பருத்தியும் உண்மையானதாக இருக்கட்டும். முன்வரிசைக்கு மிளகு வாசனை போக வேண்டும். தந்தம் வேண்டுமென்றால் மரத்தில் செய்து வண்ணம் பூசுங்கள், உண்மைத் தந்தம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கை, கால் விலங்குகளைச் செய்ய லேசான மரமோ பிளாஸ்டிக்கோ போதும். அதன் ஒலியை மட்டும் உண்மையான இரும்புச் சங்கிலியில் பதிவு செய்து ஸ்பீக்கரில் விடலாம்.

அந்த விலங்கை எந்த நடிகருக்கும் பூட்டிக் காட்டாதீர்கள். சவுக்கடியும் வேண்டாம். கிளார்க்சனே அப்படிச் செய்யவில்லை. விலங்கை மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். பார்த்தவர்கள் மீதியைத் தாங்களே கற்பனை செய்தார்கள்.

ஆறாம் படி: தரையில் கப்பலை வரையுங்கள்

புரூக்ஸ் என்ற லிவர்பூல் அடிமைக் கப்பலின் வரைபடத்தைப் பள்ளிப் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். 1788-இன் கடைசியில் பிளிமத் குழு முதல் வடிவத்தை வெளியிட்டது, அடுத்த ஆண்டு லண்டன் குழு விரிவாக்கியது. படத்தில் 482 பேர் படுத்திருக்கிறார்கள். ஒரு கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று வரம்பு வைத்த புதிய சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454. அதற்கு முந்தைய ஒரு பயணத்தில் ஏற்றியதோ 609 பேரை.

ஓர் ஆணுக்கு ஒதுக்கியது 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். அதாவது 183 சென்டிமீட்டருக்கு 41. வெள்ளை டேப்பால் இந்த அளவை மேடைத் தரையில் ஒட்டுங்கள். 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமும் உள்ள கிராம மண்டப மேடையில் வரிசைக்கு 14 பேராக இரண்டு வரிசை, மொத்தம் 28 பேர் அடங்குவார்கள். 482 பேருக்கு அப்படிப்பட்ட 17 மேடைகளுக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கை யாரும் வசனமாகச் சொல்லத் தேவையில்லை. இடைவேளையில் இரண்டு பேர் மண்டியிட்டு டேப் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாம் பாதி முழுவதும் நடிகர்கள் அந்தக் கோடுகளின்மேல் நடப்பார்கள். தரை வழுக்குமா, டேப்பின் ஓரம் தூக்குமா என்று ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள். மேடை உயரமாக இருந்து பார்வையாளருக்குத் தரை தெரியாவிட்டால், நாற்காலிகளுக்கு முன்னால் மண்டபத் தரையில் ஒட்டலாம்.

ஏழாம் படி: ஒத்திகை

வாரம் இரண்டு மாலை, எட்டிலிருந்து பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 அல்லது 10 நடிகர்கள் போதும், கிளார்க்சனைத் தவிர மற்றவர்கள் பல வேஷம் கட்டுவார்கள். கோட்டு, தொப்பி, ஏப்ரன் மாற்றினாலே ஆள் மாறிவிடும்.

முதல் ஒத்திகையை வாசிப்போடு நிறுத்துங்கள். பழைய ஆவணங்களில் இருக்கும் இனவசைச் சொற்களை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பதை அன்றே எல்லோருமாகப் பேசி முடிவெடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியவர்களின் கருத்துக்கு அங்கே முதலிடம். என் அனுபவத்தில், பெரும்பாலான இடங்களில் அந்தச் சொல் இல்லாமலே காட்சி அதே வலுவோடு நிற்கிறது. கடினமான காட்சி முடிந்த பிறகு உடனே வீட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிடம் டீ குடித்துப் பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கிளார்க்சனாக நடிப்பவருக்கு ஒன்று. அவர் சிறந்த பேச்சாளர் என்று பெயரெடுத்தவர் இல்லை. விடாப்பிடியான மனிதர், நகைச்சுவை குறைவு, தூக்கமில்லாமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். வசனத்தை முழங்க வேண்டாம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே பேசட்டும்.

எட்டாம் படி: மண்டபம், அனுமதி

விஸ்பீச்சில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆங்கிள்ஸ் தியேட்டர் இன்னும் இயங்குகிறது. கிளார்க்சன் காலத்துக் கட்டடம். எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கிராம மண்டபம், பள்ளி, தேவாலயம் எதுவும் சரிதான். தேவாலயம் என்றால் மான்செஸ்டர் காட்சிக்குச் செட்டே வேண்டாம், ஆனால் எதிரொலி அதிகம், மெதுவாகப் பேசப் பழக வேண்டும்.

இங்கிலாந்தில் காலை 8 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள், 500 பேர்வரை பார்க்கும் நாடகத்துக்குத் தனி உரிமம் தேவையில்லை. இடைவேளையில் மது விற்பதாக இருந்து, மண்டபத்துக்கு அந்த உரிமம் இல்லையென்றால், தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பைக் குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நடித்தால் குழந்தை நடிகர் உரிமம் தேவைப்படலாம், சில விலக்குகளும் உண்டு. 21 நாளுக்குக் குறைவாக இருந்தால் கவுன்சில் மறுக்கலாம் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மண்டபத்தின் காப்பீடு வெளிக்குழுவுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிகழ்ச்சித் தாளில் பழைய ஓவியங்களை அச்சிட நினைத்தால், ஓவியம் பழையதாக இருந்தாலும் அதன் புகைப்படத்துக்கு அருங்காட்சியகத்திடம் கேட்பது நல்லது.

தேதிக்கு மார்ச் 25 (1807 சட்டம் ஒப்புதல் பெற்ற நாள்), ஆகஸ்ட் 1 (1834-இல் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்), ஆகஸ்ட் 23 (யுனெஸ்கோவின் நினைவு நாள்) என்று வாய்ப்புகள் உண்டு. அக்டோபர் பிரிட்டனில் கறுப்பின வரலாற்று மாதம், பள்ளிகளை அழைக்க வசதி.

ஒன்பதாம் படி: நாடகம் முடிந்த பிறகு

நாடகம் முடிந்ததும் 20 நிமிட உரையாடலுக்கு இடம் விடுங்கள். நடிகர்களைக் கேள்விகளுக்கு நடுவே தனியாக நிறுத்தாதீர்கள், விவரம் தெரிந்த ஒருவர் நடத்தட்டும். எல்லா ஊரிலும் ஒரு கேள்வி வரும்: விடுதலையானவர்களுக்கு என்ன கிடைத்தது? பதிலைத் தயாராக வைத்திருங்கள். அடிமை உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பயிற்சிக் காலம் என்ற பெயரில் 1838 வரை பழைய முதலாளிகளுக்கே உழைக்க வைத்தார்கள். அந்த இழப்பீட்டுக்கு வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015-இல்.

இன்றைய நிலையைப் பற்றியும் கேட்பார்கள். கட்டாய உழைப்பும் ஆள் கடத்தலும் இன்றும் வழக்குகளாக வருகின்றன, விஸ்பீச்சைச் சுற்றியுள்ள விளைநிலங்களிலும் வந்திருக்கின்றன. நவீன அடிமைமுறை உதவி எண்ணை நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்திலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டி வையுங்கள். பல மொழிகளில் ஒட்டினால் இன்னும் நல்லது. தமிழிலும் ஒட்டுங்கள்.

செட்டைப் பிரித்த பிறகு பிரதியின் ஒரு படியையும், மூலங்களின் பட்டியலையும், நிகழ்ச்சிப் பதிவையும் ஊர் நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ கொடுத்துவிடுங்கள். நீங்கள் செய்த பெட்டியை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். பக்கத்துப் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதி, வரலாற்று வகுப்புக்கு இரவல் தரத் தயார் என்று சொல்லுங்கள். யார் எடுத்துப்போனார்கள், எப்போது திரும்ப வரும் என்று ஒரு நோட்டில் பதிந்து வையுங்கள். மிளகை அடிக்கடி மாற்ற வேண்டும், ஆறு மாதத்தில் வாசனை போய்விடும்.